ஆத்தங்குடிக் கல் பதித்த படகு

மூன்று வருடங்களுக்கு முன், தை மாதத்தில் ஒரு காலை நேரம். காரைக்குடியிலிருந்து கண்டரமாணிக்கம் போகிற பக்கத்தில் இருக்கும் ஒரு பெரிய கண்மாயில் நடந்தது இது. கண்மாயின் பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் என்னை அடையாளம் கண்டுகொண்டு மறுபடியும் சிரிப்பார்கள். அதனால் பெயர் வேண்டாம்.

பழைய வீடுகளைப் பழுது பார்ப்பதுதான் என் தொழில். கொத்தமங்கலம், நேமத்தான்பட்டி என்று சுற்றுவட்டார ஊர்களில் வருடக்கணக்காகப் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளைத் திறந்து, ஓடு மாற்றி, உதிர்ந்த சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சுப் பூசி, தரைக்கு ஆத்தங்குடிக் கல் பதித்துக் கொடுப்பேன். இருபது வருடமாக இதே வேலை. சுண்ணாம்பு விஷயத்தில் என்னிடம் யாரும் வாய் கொடுத்து மீள முடியாது என்ற தலைக்கனம் எனக்கு உண்டு. வினையே அந்தத் தலைக்கனத்தில்தான் ஆரம்பித்தது.

ஒரு மழைக்காலத்தில் வேலை ஓடாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, செல்போனில் ஒரு வெளிநாட்டுக்காரரின் வீடியோவைப் பார்த்தேன். தன் வீட்டுக் கார் ஷெட்டிலேயே மரப்படகு ஒன்றைச் செய்து, பாய் கட்டி, ஏரியில் ஒய்யாரமாக ஓட்டிக்கொண்டு போகிறார் மனிதர். என் குடோனிலோ பழைய வீடுகளில் கழித்துப்போட்ட பர்மாத் தேக்குப் பலகைகள் சும்மாக் கிடந்தன. எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் படகோடு சம்பந்தம் கிடையாது. நானே கிணற்றில் நீச்சல் பழகியவன்தான். இருந்தாலும், அவரால் முடிந்தது நம்மால் முடியாதா என்று தோன்றிவிட்டது.

எனக்கு நிலை, கதவு செய்து தரும் ஆசாரியைக் கூட வைத்துக்கொண்டு ஏழெட்டு மாதம் மல்லுக்கட்டினேன். பதினாலு அடி நீளம், தட்டையான அடிப்பாகம், நடுவில் ஒரு பாய்மரம், பின்னால் சுக்கான். பாயை என் மனைவி தைத்துக் கொடுத்தாள். வீட்டில் ரவிக்கை தைக்கிற மெஷினில் தடிமனான படுதாத் துணியைக் கொடுத்துத் தைத்ததில் ஊசி ஊசியாக உடைந்தது. முணுமுணுத்துக்கொண்டே தைத்தாள், ஆனால் ஒரு தையல்கூடப் பிசகவில்லை.

இதற்கிடையில் ஒருமுறை தொண்டிக்குப் போய், வள்ளம் கட்டுகிற ஒருவரைப் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. போனில் இருந்த படங்களைப் பார்த்துவிட்டு மரவேலை நன்றாக இருப்பதாகப் பாராட்டினார். பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரியைத் திணித்து, குங்கிலியத்தையும் எண்ணெயையும் காய்ச்சி மேலே பூசச் சொன்னார். நான் சுண்ணாம்பு வைத்து அடைக்கப் போகிறேன் என்றேன்.

"வீடு அசையாதுண்ணே. படகு நெளிஞ்சுக்கிட்டேல்ல இருக்கும்," என்றார்.

நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தொழில்காரர் தன் தொழிலைத்தானே உயர்த்திப் பேசுவார் என்று நினைத்துக்கொண்டேன். நூறு வருடத்து மொட்டை மாடியில் ஒரு சொட்டு இறங்காமல் காப்பாற்றுகிற பூச்சு, ஒரு படகைக் காப்பாற்றாதா? ஊருக்கு வந்ததும் நயம் சுண்ணாம்பைச் சலித்து, கடுக்காய் ஊறிய தண்ணீர் விட்டு, முட்டை வெள்ளைக் கரு சேர்த்து அரைத்து, இடுக்கு இடுக்காக அடைத்தேன். சுவருக்கு மெருகு ஏற்றுவதுபோலத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கினேன். மிஞ்சிய மஞ்சள் கருவை ஒரு வாரம் குழம்பு வைத்துச் சமாளித்த என் மனைவி, "படகு கட்டுறீகளா, கேக்கு சுடுறீகளா?" என்று கேட்டாள்.

அதோடு விட்டேனா? பாய்ப்படகு காற்றில் சாயாமல் இருக்க அடியில் பாரம் வேண்டும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். மற்றவர்கள் மணல் மூட்டை போடுவார்களாம். என் படகில் மணல் மூட்டையா? பூப்போட்ட ஆத்தங்குடிக் கல் இரண்டு டஜன் எடுத்துச் சுண்ணாம்புக் கலவையில் தரை முழுக்கப் பதித்துவிட்டேன். அழகுக்கு அழகு, பாரத்துக்குப் பாரம். பார்த்தவர்கள் எல்லோரும் வாய் பிளந்தார்கள், எனக்குத் தலை கால் புரியவில்லை.

அந்த வருடம் நல்ல மழை. கண்மாய் நிறைந்து, எதிர்க்கரை மங்கலாகத் தெரியும் அளவுக்குத் தண்ணீர் கிடந்தது. ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு, டிராக்டரில் படகை ஏற்றிப் போய் வடகரையில் இறக்கினோம். இரண்டு நாள் கரையோரமாகவே கட்டிப் போட்டிருந்தேன். உள்ளே பொட்டுத் தண்ணீர் வரவில்லை. தொண்டிக்காரருக்கு ஒரு போட்டோ அனுப்பலாமா என்றுகூட நினைத்தேன்.

மூன்றாம் நாள் பாய் கட்டி ஓட்டுவதாக ஏற்பாடு. காலை ஏழு மணிக்குக் காற்றே இல்லாமல் தண்ணீர் அசையாமல் கிடந்தது. அப்போதே கிளம்பியிருக்கலாம். ஆனால் நல்ல நேரம் பத்தரைக்கு மேல்தான் என்று காத்திருந்தோம். என் வேலையாட்களும் மைத்துனரும் ஊர்க்காரர்கள் சிலருமாக ஒரு இருபது பேர் கரையில் கூடிவிட்டார்கள். ஸ்பீக்கரில் பாட்டு வேறு.

படகை நிறுத்தியிருந்த இடத்தில் மீன் பிடிக்கிற ஒருவர் தன் மிதவையை ஒதுக்கியிருந்தார். தெர்மாகோல் அட்டைகளைச் சாக்குக்குள் திணித்துக் கயிற்றால் இறுக்கிய மிதவை, சேறும் செதிலுமாக இருந்தது. போட்டோவில் அசிங்கமாக விழும் என்று, "இந்தக் குப்பையைக் கொஞ்சம் அங்கிட்டு எடுப்பா," என்றேன். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். மிதவையைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். நானும் அத்தோடு அவரை மறந்துவிட்டேன்.

புது வண்டி வாங்கினால் முதலில் ஜோடியாகப் போய்வருவது எங்கள் வீட்டு வழக்கம். படகுக்கும் அப்படியே என்று முடிவு செய்திருந்தேன். என் மனைவிக்கு நீச்சல் தெரியாது. இடுப்புத் தண்ணீருக்கு மேல் அவள் இறங்கியதே இல்லை. கொஞ்சம் தயங்கினாள். நான் இருக்கும்போது என்ன பயம் என்று சொன்னேன். தேங்காய் உடைத்து, சர்க்கரைப் பொங்கல் வைத்திருந்த தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பட்டுச்சேலையோடு நடுப்பலகையில் உட்கார்ந்தாள்.

பாயை ஏற்றினேன். அதற்குள் வாடைக்காற்று எழும்பியிருந்தது. படுதா பட்டென்று விரிந்து, படகு தானாகக் கிளம்பியது. துடுப்பும் இல்லை, மோட்டாரும் இல்லை. என் கையால் செய்த ஒன்று காற்றிலேயே போகிறது. கரையில் விசிலும் கைதட்டலுமாக இருந்தது. நடுக் கண்மாயை நெருங்கும்வரை என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். என் காலடியில் இரண்டு கற்களுக்கு நடுவே கலவையில் ஒரு முடி அளவுக்குக் கீறல். சுவரில் விரிசல் கண்டுபிடிப்பதே பிழைப்பாக இருப்பவன் கண்ணுக்கு அது தப்புமா? பார்த்துக்கொண்டிருக்கும்போதே காற்று ஒருமுறை ஓங்கி அடித்தது. பாய்மரம் முறுக்கியது, அடிப்பலகைகள் கிறீச்சிட்டன, கீறல் மூன்று கல் தூரத்துக்கு ஓடியது. அதன் வழியே தண்ணீர் முத்து முத்தாக எழும்பியது.

அந்த நிமிடம் நான் செய்ததைச் சொல்லியாக வேண்டும். தோளில் கிடந்த துண்டை எடுத்து, வியர்வை துடைப்பதுபோலத் துடைத்துவிட்டு, அந்தக் கீறலின் மேல் நழுவவிட்டேன். என் மனைவி பார்த்துவிடக் கூடாது என்றுதான். பிறகு அவளிடம் எதிர்க்கரைப் பனைமரங்களைக் காட்டி என்னவோ பேசினேன். அவளும் தலையாட்டினாள். ஏன் அப்படிச் செய்தேன்? அவள் பயப்படுவாள் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதில்லை. அத்தனை பேருக்கு முன்னால் அசிங்கப்படக் கூடாது, சத்தமில்லாமல் திரும்பிக் கரை சேர்ந்துவிடலாம் என்ற எண்ணம்தான்.

சுக்கானைத் திருப்பினேன். படகு பாதி திரும்பி நின்றது, பாய் படபடவென்று அடித்துக்கொண்டது, மறுபடியும் காற்று போகிற பக்கமே போனது. இன்னொரு முறை முயன்றேன். அதே கதைதான். காற்றோடு போக மட்டும்தான் நான் கற்றிருந்தேன். காற்றை எதிர்த்துத் திரும்பி வருவதற்கு வேறு வித்தை வேண்டும் என்பது அங்கே போனபிறகுதான் உறைத்தது. அதற்குள் துண்டு மிதக்க ஆரம்பித்துவிட்டது. தண்ணீர் கணுக்காலுக்கு வந்துவிட்டது.

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி தூக்குச்சட்டியைக் கவிழ்த்துப் பொங்கலைக் கண்மாயில் கொட்டிவிட்டு, சட்டியால் தண்ணீரை மொண்டு ஊற்ற ஆரம்பித்தாள். நான் பாயை இறக்கப் போனேன். கயிற்று முடிச்சு நனைந்து இறுகியிருந்தது. நகம் பிய்ந்ததுதான் மிச்சம்.

கரையைப் பார்த்துக் கத்தினேன். காற்று அங்கிருந்து எங்கள் பக்கம் அடித்தது. அவர்கள் போட்ட பாட்டு எனக்குக் கேட்டது, யாரோ சிரிப்பதுகூடக் கேட்டது. நான் கத்தியது அவர்களுக்குக் கேட்கவில்லை. என் மைத்துனர் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த இடத்தில் இரண்டு ஆள் ஆழம் இருக்கும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. மழையில்லாத வருடங்களில் கண்மாய்க்குள் முளைத்து மரமாகிப்போன சீமைக்கருவேலம் எல்லாம் இப்போது தண்ணீருக்கு அடியில் முள்ளோடு நின்றுகொண்டிருந்தது. ஆறு கெஜம் பட்டுச்சேலை அதில் மாட்டினால் ஆள் மேலே வர முடியாது. எனக்கு வந்த கிணற்று நீச்சலில் நான் ஒருவன் தப்பலாம். இவளை இழுத்துக்கொண்டு நீந்த முடியாது. எனக்கு அது நன்றாகத் தெரியும்.

மரம் மட்டும் என்றால் தண்ணீர் ஏறினாலும் மூழ்காது, மிதக்கும். மூழ்கடிக்கப்போவது நான் பதித்த கற்கள். மணல் மூட்டை என்றால் தூக்கிப் போட்டிருக்கலாம். இதுவோ ஒன்றுக்கொன்று ஒட்டிக்கொண்டு தரையோடு தரையாக இருந்தது. எங்கே போனாலும் கூடவே வருகிற வேலைப் பையில் சுத்தியலும் உளியும் இருந்தன. தண்ணீருக்குள் கையைவிட்டு உளியை வைத்து அடித்தேன். பலகை உடைந்துவிட்டால் அதோடு முடிந்தது. மெல்ல அடித்தால் கல் பெயரவில்லை. மூன்றாவது அடியில் ஒரு கல் இரண்டாகப் பிளந்தது. எடுத்து எறிந்தேன். அடுத்தது, அதற்கடுத்தது. மாதக்கணக்காக இழைத்து இழைத்துச் செய்ததை என் கையாலேயே உடைத்து உடைத்து எறிந்தேன்.

பத்துக் கல் பெயர்த்திருப்பேன். அடியில் இருந்த பூச்சும் அதோடு பிய்ந்து வந்துவிட்டது. இடுக்கு திறந்து, தண்ணீர் ஊற்றுக்கண்போலப் பொங்கியது. பாரத்தைக் குறைக்கப் போய் ஓட்டையைப் பெரிதாக்கிவிட்டேன். என் மனைவி சட்டியைக் கீழே வைத்தாள். என் கையிலிருந்த உளியை வாங்கிச் சேலைத் தலைப்பை நீளநீளமாகக் கிழித்து, உளியோடு திருப்பிக் கொடுத்தாள். பட்டுத் துணியைத் திரித்து உளி முனையால் இடுக்கில் திணித்தேன். பொங்கியது கொஞ்சம் அடங்கியது, நிற்கவில்லை. தண்ணீர் முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை ஏறியிருந்தது. அவள் மறுபடியும் சட்டியை எடுத்துக்கொண்டாள்.

"பாயக் கயித்தோட அறுத்துவிடுங்கண்ணே. ரெண்டு பேரும் எந்திரிக்காதீக."

குரல் வந்த பக்கம் பார்த்தேன். தெர்மாகோல் மிதவையில் குப்புறப் படுத்துக்கொண்டு, இரண்டு கையிலும் சின்னப் பலகைத் துண்டுகளால் துழாவியபடி அவர் வந்துகொண்டிருந்தார். காலையில் நான் குப்பை என்று சொன்ன அதே மிதவை. பாய் படபடப்பதைப் பார்த்தே ஏதோ சரியில்லை என்று தெரிந்துகொண்டு, போட்ட வலையை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறார். கயிற்றை உளியால் அறுத்தேன். பாய் சரிந்து தண்ணீரில் விழுந்தது. படகின் ஆட்டம் சற்று நின்றது.

மிதவையைப் படகோடு ஒட்டி நிறுத்திவிட்டு அவர் தண்ணீரில் இறங்கிக்கொண்டார். "அக்காவ ஏறச் சொல்லுங்க. படுத்தமானிக்கு வரணும்," என்றார். ஒரு ஆளைத்தான் அது தாங்கும் என்று பார்த்தாலே தெரிந்தது. என் மனைவி அந்த மிதவையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏறவாங்க?" என்று கேட்டாள்.

அவ்வளவுக்குப் பிறகும் என்னைத்தான் கேட்டாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அவள் மெல்லச் சரிந்து மிதவையில் படுத்துக்கொண்டாள். விரல்கள் சாக்கைப் பிடித்த பிடியில் வெளுத்துப்போயிருந்தன.

"கரைக்குப் போகப்படாது, தூரம். இங்கிட்டு ஒரு மேடு இருக்கு, கோடையில நாங்க ஆடு மேய்க்கிற எடம்," என்றார் அவர். மிதவைக் கயிற்றைப் பல்லில் கவ்விக்கொண்டு, ஒரு கையால் படகைத் தள்ளினார். நான் மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தேன். இரண்டு இடத்தில் அடியில் முள் உரசும் சத்தம் கேட்டது. அவர் நின்று, காலால் துழாவி, வேறு பக்கம் திருப்பினார். அவர் காலில் முள் கிழித்து ரத்தம் கலங்கியது. எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. படகின் விளிம்பு தண்ணீரை எட்டிவிட்டது. அப்போது அவர் நிமிர்ந்து நின்றார். தண்ணீர் அவர் இடுப்புக்குத்தான் இருந்தது.

நான் குதித்து இறங்கினேன். காலுக்கடியில் தரை. மிதவையிலிருந்து என் மனைவியைத் தூக்கி நிறுத்தினேன். எங்களுக்குப் பின்னால் படகு மெல்ல அமர்ந்து மூழ்கியது. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கண்மாய் நடுவில் மூன்று பேரும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றோம். கரையில் இப்போதுதான் விஷயம் புரிந்து கூச்சல் கேட்டது, நீச்சல் தெரிந்தவர்கள் எங்களை நோக்கி வர ஆரம்பித்தார்கள். அந்த மனிதரிடம் காலையில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். என்ன சொல்லிக் கேட்டேன் என்று நினைவில்லை, அழுதேன் என்பது நினைவிருக்கிறது. அவர் சங்கடப்பட்டு, வலையைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி மிதவையை எங்களிடமே விட்டுவிட்டு நீந்திப் போய்விட்டார்.

தண்ணீர் வந்ததை என் மனைவி எப்போது பார்த்தாள் என்று கேட்டேன்.

"கெளம்புன கொஞ்ச நேரத்துலயே சேல ஓரம் நனைஞ்சுருச்சு," என்றாள். "நீங்க கட்டுன படகு. ஒங்களுக்குத் தெரியாம இருக்குமா, பாத்துக்குவீகன்னு பேசாம இருந்துட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. அவள் திட்டியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். கீறலைப் பார்த்த உடனே நான் சொல்லியிருந்தால், அந்த மிதவைக்காரரை அப்போதே கூப்பிட்டிருக்கலாம். அவர் எங்களுக்கு அவ்வளவு பக்கத்தில்தான் இருந்திருக்கிறார். எனக்குத் தெரியும் என்று அவள் சும்மா இருந்தாள். அவளுக்குத் தெரியக் கூடாது என்று நான் சும்மா இருந்தேன்.

சுண்ணாம்பு வைத்ததையும் கல் பதித்ததையும் சொல்லி ஊர் சிரிக்கும்போது நானும் சேர்ந்து சிரிப்பேன். அது அறியாமை, சிரித்துக் கழித்துவிடலாம். துண்டைப் போட்டு மூடியதை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, என் மனைவியிடமும் சொன்னதில்லை. எத்தனையோ முறை வாய் வரை வந்து திரும்பிப் போயிருக்கிறது. எங்கள் வீட்டில் இந்தப் பத்திரிகை வந்தால் முதலில் பிரிப்பது அவள்தான். இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு அவள் என்ன கேட்டாலும் கேட்கட்டும். நம்மை நம்பி ஒன்றும் பேசாமல் எதிரே உட்கார்ந்திருப்பவரிடம்தான் முதலில் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொண்ட பிறகும், அதைச் சொல்ல எனக்கு மூன்று வருடம் ஆகியிருக்கிறது.